மூன்று தலைக்கான தொட்டி

உடனே சொன்னாளா, கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாளா, அது மட்டும் மணியம்மாவுக்கு இன்றுவரை பிடிபடவில்லை, அது எழுபத்திரண்டாம் வருஷமா எழுபத்து மூன்றா என்பதுகூடச் சரியாக நினைவில்லை, ஆனால் அன்று சாயங்காலம் அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது நிச்சயம், தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி ராஜநாயகம் குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றதும் நிச்சயம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கெல்லாம் குழாய் வரப்போகிறது, கூடவே வீட்டுக்கொரு சிமெண்டுத் தொட்டி, மூன்று பேர்வரை சின்னது, அதற்குமேல் பெரியது. "இன்னைக்கு எத்தன பேருன்னு கேக்கல மணியம்மா, இனிமே எத்தன பேரு இருப்பீங்க? அதச் சொல்லு." இனிமேல்... அதை யாரிடம் போய்க் கேட்பது? தண்ணீர்க் கணக்கு அவளுக்குத் தெரியாததா, லயத்துக் கோடியிலிருக்கும் ஒரே குழாயிலிருந்து தகரத்தில் சுமக்கிறவள் அவள்தானே, சோற்றுக்கு, பாத்திரத்துக்கு, பெண்கள் இரண்டு பேரின் பள்ளிச் சட்டைக்கு, மிச்சமெல்லாம் புருஷன் இருளப்பனுக்கு. தேயிலைக்காட்டில் புல்லுக்கு மருந்தடித்துவிட்டு வருகிற மனுசன், இந்தக் குளிரிலும் வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் குளிக்காவிட்டால் மேலெல்லாம் எரியும், உடுப்பைத் தனியாக அலச வேண்டும். அவனிடம் இருப்பது சிவப்பு அடையாளக் கார்டு, இந்த நாட்டுக் குடிமகன் இல்லை, வேலை பெர்மிட்டைப் புதுப்பித்துக் கொடுத்தால் இருப்பான், இல்லாவிட்டால் இந்தியாவுக்குக் கப்பல்தான். பக்கத்து வீட்டுச் சின்னையா அப்படித்தானே போனான்... அவன் போனபின் அவன் பெண்டாட்டி தங்கம்மா எத்தனை தகரம் சுமக்கிறாள் என்று தான் ஏன் கவனித்துக்கொண்டே இருந்தோம்? நான்கு என்றால் கிராணி பெர்மிட்டைத் தோண்டுவாரோ என்ற பயமா, அல்லது அந்த ஒரு கணம் வலித்துப்போன தோள்தான் வாயைத் திறந்ததா? "மூணு பேருங்க ஐயா."

பின்னால், தகரத் தடுப்புக்குள், தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. இருளப்பன் சிரித்துக்கொண்டேதான் கத்தினான், "அடியே, தலையில சோப்பு இருக்குடி! குளிச்சு முடிக்கவாச்சும் வுடு, அப்புறம் என்னயக் கழிச்சுக்க!" கிராணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப பெருசே போடச் சொல்லட்டுமாலா?" அவள் ஆமாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், "வேணாங்கய்யா, அவ சொன்னதே இருக்கட்டும்லா" என்று தடுப்புக்குள்ளிருந்து பதில் வந்தது, இம்முறை சிரிப்பில்லை. அடுப்பிலிருந்த வெந்நீரைக் கொண்டுபோனாள், போதும் என்றான், பாதி வாளிதான் செலவாகியிருந்தது, காதோரம் சோப்பு அப்படியே இருந்தது. "என்னங்க, இன்னும் கொஞ்சம் ஊத்திக்கங்க." "போதுங்கறேன்ல." மறுநாளும் பாதி வாளி. அதற்கு மறுநாளும்... இல்லாமல் இருக்கப் பழகுகிறானா, அவளைத் தண்டிக்கிறானா, இல்லை, அவள் தோளைத்தான் நினைத்துக்கொண்டானா? கேட்டிருக்கலாம். கேட்டால் ஏதாவது சொல்லிவிடுவான் என்றுதான் கேட்கவில்லை.

பெர்மிட் வந்தது, அடுத்த முறையும் வந்தது. சின்னையா திரும்பி வரவில்லை, தங்கம்மா பிள்ளைகளோடு ஈப்போவுக்குப் போய்விட்டாள். ராஜநாயகம் வேறு தோட்டத்துக்கு மாற்றலானார். மூத்தவள் சீதா திரிங்காப்பில் வாழ்க்கைப்பட்டாள், இளையவள் பினாங்கில் பேக்டரி வேலைக்குப் போனாள். இருளப்பன் எங்கேயும் போகவில்லை, எண்பத்து நான்கில் அந்த வீட்டிலேயே செத்துப்போனான், முதுகெல்லாம் மருந்துப் புண்ணோடு. குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டிய அத்தனை வருஷமும் அவன் பாதி வாளியில்தான் குளித்தான். அந்தச் சின்னத் தொட்டி ஒருநாளும் காலியானதில்லை.