அறுபதில் மூன்று

அந்தச் சுவரொட்டியில் சிரித்துக்கொண்டிருப்பது நான்தான். கையில் பனங்கொட்டை, காலடியில் குழி, தலைக்கு மேலே ‘இளையோரே வாருங்கள்’ என்று கொட்டை எழுத்து. பாளையங்கோட்டையில் எங்கள் கல்லூரி வாசலோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள். வாப்பா ஒன்றை வாங்கிவந்து கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டிவைத்திருக்கிறார்.

செப்டம்பரில் எடுத்த படம் அது. ஏரலுக்குத் தெற்கே ஒரு குளத்துக் கரையில் பனை விதைக்கப் போயிருந்தோம். ஆளுக்கு அறுபது விதை. பத்தடிக்கு ஒரு குழி, குழிக்கு ஒரு கொட்டை. கரையின் கடைசிப் பகுதி என் பங்கு. முதல் குழியில் படம் எடுத்தார்கள். மூன்றாவது குழியில் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. வெயில் மண்டையைப் பிளந்தது. அங்கே பஸ்காரர் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார். கரைச் சரிவில் ஒரு கருவேல மரத்து மூட்டுக்குப் பின்னால் மணல் இளக்கமாக இருந்தது. மிச்சம் ஐம்பத்தேழையும் அங்கே மொத்தமாகக் கொட்டி மண்ணைத் தள்ளி மூடினேன்.

“முடிஞ்சுதா தஸ்லிமா?” என்று பேராசிரியை வித்யாலக்ஷ்மி மேடம் கேட்டார்.

“முடிஞ்சுது மேடம்.”

கொஞ்சம்கூட நாக்கு கூசவில்லை. அந்த நாக்கை நம்பித்தான் மேடம் என்னைப் பள்ளிக்கூடங்களுக்குப் பேச அனுப்பினார். நானும் போய் வெளுத்துக்கட்டினேன். “கை வலிக்கும், வெயில் அடிக்கும், நாம விட்டுட்டா யார் செய்வா?” என்று ஏரலில் பிளஸ் ஒன் பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டேன். இருபத்திரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். பிருந்தா என்ற பெண் என் பேச்சை முழுக்கப் போனில் பிடித்துக்கொண்டாள். தினமும் போட்டுக் கேட்பாளாம்.

பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், முளைத்திருக்கிறதா என்று பார்க்க அந்தப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனோம். காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்று நினைத்தேன். மேடம் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார். போனேன்.

மற்றவர்கள் பங்கில் குழிக்குக் குழி வேர் இறங்கியிருந்தது. என் பங்கில் முதல் மூன்று குழி சரியாக இருந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அதற்கப்புறம் எங்கே மண்ணை விலக்கினாலும் ஒன்றுமில்லை.

“யாரோ கிழங்குக்குத் தோண்டிட்டாங்க மேடம்,” என்றாள் பிருந்தா. “பஸ் ஸ்டாண்டுல ஒரு அக்கா பனங்கிழங்கு குவிச்சு வெச்சிருந்தாங்கல்லா?”

அப்போதே சொல்லியிருக்கலாம். தொண்டைவரை வந்தது. மேடம் “விசாரிச்சுப் பார்ப்போம், சத்தம் போடாதீங்க,” என்பதற்குள் பிள்ளைகள் பாதி தூரம் போய்விட்டார்கள். நானும் பின்னாலேயே போனேன், வாயை மூடிக்கொண்டு.

கிழங்கு விற்கிற ரீபா அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். சாக்கு விரித்து உட்கார்ந்து, கிழங்கைக் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். “நாங்க நட்டத எதுக்குத் தோண்டுனீங்க? நாம விட்டுட்டா யார் கேப்பா?” என்று ஒருத்தி கத்தினாள். என் பேச்சை எனக்கு முன்னாலேயே திருப்பினார்கள். பிருந்தா வீடியோ எடுத்து அங்கேயே குரூப்பில் போட்டாள். கிழங்கு வாங்க வந்த இரண்டு பேர் கையிலிருந்த கட்டைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்தார்கள்.

ரீபா அக்கா அதைத்தான் பார்த்தார்.

“இது சாத்தான்குளத்துல எங்க பனை வெளையில போட்ட கிழங்கு. கள்ளக் கிழங்குன்னு பேராச்சுன்னா பொங்கலுக்கு எவன் வாங்குவான்? எனக்கு வருசத்துக்கு இது ஒண்ணுதானே யாவாரம்?” என்று எழுந்தார். “வாங்க. எங்கன தோண்டினேன்னு காட்டுங்க.”

கடையைப் பக்கத்துப் பூக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு எங்களோடு குளத்துக்கு வந்தார். என் பங்குக் கரையில் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார்.

“தோண்டினா குழி இருக்கும்லா? ஒடைச்சுப் போட்ட கொட்டை கெடக்கும்லா? இங்கன எவனும் கம்பியே வைக்கல.”

கருவேல மூட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். அங்கே மண் வெடித்து மேலெழும்பியிருந்தது. “இங்கன யாரோ கொட்டையக் குவிச்சுக் கிழங்குக்குப் பாத்தி போட்டிருக்காவ,” என்று, மண்ணைக் கிளற நாங்கள் கொண்டுபோயிருந்த கம்பியை வாங்கிப் பைய நெம்பினார். கொத்துக் கொத்தாகக் கிழங்கு வந்தது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நான் கொட்டியது கொட்டியபடியே முளைத்திருந்தது.

நல்ல மனதோடுதான் காட்டினார். ஆனால் மேடத்தின் முகம் மாறிவிட்டது.

“எங்க கொட்டைய எடுத்துப் பாத்தி போடத் தெரிஞ்சவங்க இங்க வேற யாரும்மா இருக்கா?” என்றார்.

எல்லோரும் ரீபா அக்காவைப் பார்த்தார்கள். அவர் கையில் கிழங்குக் கொத்து. பிருந்தாவின் போன் அவர் முகத்துக்கு நேராக. அவருக்குக் கண் கலங்கியது.

“மேடம், அதைக் கொட்டினது நான்,” என்றேன். “கை வலிச்சுது. அம்பத்தேழையும் இதுலயே போட்டு மூடிட்டேன்.”

நாலு மாதம் வீட்டிலும் கல்லூரியிலும் கூசாத உடம்பு அங்கே மொத்தமாகக் கூசியது. மேடம் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ரீபா அக்காவைப் பார்த்து, “மன்னிச்சிருங்கம்மா,” என்றார். அவருக்குக் குரல் உடைந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“ஒத்தையா நட்டிருந்தா இம்புட்டும் மரம்,” என்று ரீபா அக்கா கொத்தைக் கீழே போட்டார். “இனி வேவிச்சுத் திங்கத்தான் ஆவும்.” என்னைப் பார்த்தார். “ஏட்டி, பஸ் ஸ்டாண்டுலயும் நீ நின்னேல்லா?”

“நின்னேன்க்கா.”

அவர் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கரையேறிப் போனார்.

பிருந்தா போனைத் தாழ்த்திவிட்டாள். நான் சொல்ல ஆரம்பித்தபோதே தாழ்த்திவிட்டாள் போல. ரீபா அக்காவுக்கு அவள் ஒரு தடவைகூடத் தாழ்த்தவில்லை.

“எடு பிருந்தா,” என்றேன்.

“வேண்டாம்க்கா. பாவம் நீங்க.”

“அந்த அக்காவ எடுத்தேல்லா? அது போன எல்லா இடத்துக்கும் இதுவும் போகணும். எடு.”

போனைத் தூக்கினாள். சுவரொட்டிக்கு நின்ற அதே கரையில் நிமிர்ந்து நின்றேன். சிரிப்பு மட்டும் வரவில்லை.

“எம் பேரு தஸ்லிமா,” என்றேன். “அறுபது விதை வாங்கினேன். மூணு நட்டேன்.”