வெடிப்பலாவுக்கு ஒரு வாடகை மேகம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில், பாசி படிந்து, பாதி நாள் மேகத்துக்குள் நிற்கவேண்டிய வெடிப்பலாக் கன்று ஒன்று பட்டாசு ஊரான விஸ்வநத்தத்தின் வெயிலில் நின்றது. கொண்டுவந்து நட்டவர் பட்டாசு முதலாளி சபரிநாதன். அதன் முள்ளுக்காய் முற்றினால் வெடித்துத் திறக்குமாம். தொழிலுக்கு ராசி என்றார். இன்று மதியம் விருந்தினர் வந்து 'பசுமைச் செம்மல்' கேடயம் தரும்வரை கன்று உயிரோடு இருந்தாகவேண்டும்.

மலையை வாங்க முடியாததால் மேகத்தை வாடகைக்கு எடுத்தார். கல்யாண மண்டபத்தில் நீர்ப்புகை அடிக்கும் ராட்சத விசிறிகள் இரண்டு கன்றைக் குளிப்பாட்டின. மேற்குக் காற்று அந்த ஈரத்தை வெடிமருந்து காயும் களத்தில் கொண்டுபோய் இறக்கியது. அலுமினியப் பொடி கலந்த மருந்து நனைந்தால் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். இது அங்கே எல்லாருக்கும் தெரியும். முதலாளிக்கும்தான்.

"களத்துல ஈரம் ஏறுது மொதலாளி, நிப்பாட்டிருவோமா?" என்றார் போர்மேன் பலவேசம்.

"மதியம் வரைக்கும்தானய்யா. எல சுருண்டு கெடந்தா வர்றவுக என்ன நெனப்பாக? அதுவும் ஒரு உசுருதான?"

பலவேசத்தின் மனைவி பேச்சியம்மாள் களத்தை ஒட்டிய அறையில் மருந்து அடைத்துக்கொண்டிருந்தாள். அவர் அவளை வாசலுக்கு அழைத்தார்.

"ஏ புள்ள, காய்ச்சல்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிரு."

"எனக்கா? ஒங்களுக்குல்ல வேர்த்து ஊத்துது."

அவர் களத்தைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"என்ன மதினி, அண்ணன் சினிமாவுக்குக் கூப்பிடுதாகளா?" உள்ளிருந்து பஞ்சம்மாள் குரல் கொடுக்க, சிரிப்பு எழுந்தது.

பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. "இவளுகளுக்கும் காய்ச்சல்னு சொல்லுவீகளா?"

"சீசன்ல அம்புட்டு பேரையும் அனுப்புனா என் வேல போயிரும்டி."

அவள் உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பலவேசம் மோட்டார் அறைக்கு ஓடினார். விசிறிகளின் பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பிவந்து கத்தினார்.

"எல்லாரும் டீ குடிக்க ரோட்டுக்குப் போங்க!"

"இப்பந்தான குடிச்சோம்?"

"இன்னொண்ணு குடிங்க! வெரசா!"

முதலாளி அவரை ஆபீசுக்கு அழைத்தார்.

"விசிறி ஏன்யா நின்னுச்சு?"

"கரண்டு இல்ல மொதலாளி."

ஆபீஸ் ஏசி ஜில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் அதை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"தீவாளி முடியட்டும் பலவேசம். பேசிக்கிடுவோம்."

பலவேசம் வெளியே வந்தார். ரோட்டோரம் பெண்கள் டீயை ஊதி ஊதிக் குடித்தபடி நின்றார்கள். எல்லார் கண்ணும் களத்தின் மேலேயே இருந்தது.