நிற்கக் கூடாத குமிழ்கள்

சௌந்தரராஜனின் வேலையே குமிழ் பார்ப்பதுதான். போச்சம்பள்ளி கம்பெனியில் பிரேக் குழாய்களில் காற்றை ஏற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்குவார்கள். ஒரு குமிழ் வந்தாலும் ரிஜெக்ட். தண்ணீர் அசையாதிருந்தால்தான் அவன் ‘பாஸ்’ என்பான்.

கிருஷ்ணகிரி மருத்துவமனையில், குறைமாதத்தில் பிறந்த அவன் மகளின் மூக்கிலிருந்து ஒரு குழாய் தண்ணீர் பாட்டிலுக்குள் இறங்கியது. அதில் ஓயாமல் குமிழ்கள். அவளைப் பெற்ற கையோடு அவன் மனைவி சத்யப்ரியா இறந்துபோனாள். அவன் இன்னும் அழவில்லை.

சத்யப்ரியாவின் அண்ணன் முத்துக்குமார் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தான்.

“என்ன மாப்ள இது, மீன் தொட்டி கணக்கா? ஓசூர்ல ஃபிரண்டு பிள்ளைக்குத் தொண்டைக்குள்ளயே குழாயப் போட்டாங்க. மெஷினே மூச்சு விட்டுச்சு. அங்க கொண்டு போயிருவோம். வண்டி வாசல்ல நிக்குது. தங்கச்சியத்தான் விட்டுட்டோம்.”

சௌந்தரராஜன் உள்ளே போனான். நர்ஸ் பவுலினா குழந்தையின் குல்லாயைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“சிஸ்டர், லீக் ஆகுதுங்களே.”

“லீக் இல்லீங்க சார். மூச்சு அவளேதான் விடுறா. நுரையீரல் சுருங்கி ஒட்டிக்காம இருக்க நாம காத்தழுத்தம் மட்டும் குடுக்கறோம். மிச்சக் காத்து தண்ணியில வெளிய வருது. அது நின்னாத்தான் எனக்குப் பயம்.”

“அப்ப ஓசூர்ல ஏன் தொண்டைக்குள்ள போடறாங்க?”

“அங்க அது வழக்கம். தானா மூச்சு விட முடியாத குழந்தைன்னா இங்கயும் போடுவோம். இவளுக்கு இப்ப வேண்டாம்ங்கறாரு டாக்டர்.”

அவள் அடுத்த தொட்டிலுக்கு நகர்ந்தாள். அவனுக்கு எதை நம்புவதென்று தெரியவில்லை. பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

குமிழ்கள் நின்றன.

தண்ணீர் அசையவில்லை. பல வருடப் பழக்கத்தில் அவன் தோள்கள் தளர்ந்தன. ‘பாஸ்’ என்று வாய் வரை வந்துவிட்டது. அப்புறம்தான் குழந்தையைப் பார்த்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது.

“சிஸ்டர்!”

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவனுக்கே தெரியவில்லை. பவுலினா ஓடிவந்தாள். மூக்கிலிருந்து நழுவியிருந்த குழாய் முனையைப் பொருத்தி, திறந்திருந்த வாயை விரலால் மெல்ல மூடினாள். தண்ணீர் மறுபடியும் கொப்பளித்தது.

வெளியே வந்தான்.

“வண்டிய அனுப்பிருங்க மச்சான்.”

“இப்பத்தான மாப்ள, உள்ள அந்தக் கத்து கத்துனீங்க?”

“குமிழ் நின்னுபோச்சு. பாத்தேன், கத்தினேன், சிஸ்டர் வந்தாங்க. ஓடற வண்டில குமிழ் நின்னா யாரு பாக்கறது?”

முத்துக்குமார் வாசலைப் பார்த்தான். பிறகு அவன் முகத்தை. மெல்லப் படியிறங்கினான்.

சௌந்தரராஜன் திரும்பிப் போய் பாட்டிலுக்கு எதிரே உட்கார்ந்தான். ஒரு குமிழுக்கும் அடுத்ததற்கும் நடுவே கொஞ்சம் தாமதமானாலும் எழுந்துவிட்டான்.

“உக்காருங்க சார்” என்றாள் பவுலினா. “முதல்ல நீங்க மூச்சு விடுங்க.”