மீசையும் நத்தைகளும்

பல் தேய்ப்பதற்கு முன்பே நான் செய்கிற முதல் வேலை, மீன் தொட்டிக்குள்ளிருந்து வெள்ளரித் துண்டை வெளியே எடுப்பது. முந்தின நாள் படுக்கப்போகும் முன் அதை ஒரு தேக்கரண்டியோடு சேர்த்து நூலால் கட்டி அடியில் இறக்கிவிடுவேன். அன்றைக்கும் நூலைப் பிடித்து மெல்லத் தூக்கினேன். துண்டின் அடிப்பக்கம் முழுக்க நத்தைகள். கொத்தமல்லி விதை அளவுதான் ஒவ்வொன்றும், ஆனால் வெள்ளரியின் பச்சை தெரியாத அளவுக்கு அப்பிக்கொண்டிருந்தன. முந்தின நாள் எடுத்ததைவிட அதிகம். முந்தின நாளே அதற்கு முந்தின நாளைவிட அதிகமாகத்தான் இருந்தது. தினமும் எடுக்க எடுக்கக் குறைய வேண்டிய ஒன்று எப்படிக் கூடும் என்று எனக்கு விளங்கவே இல்லை. துண்டை அப்படியே பால்கனிக்குக் கொண்டுபோய், அங்கே தண்ணீர் ஊற்றி வைத்திருந்த பழைய பெயின்ட் வாளிக்குள் உதறினேன். அந்த வாளியை என்ன செய்யப்போகிறேன் என்பதும் எனக்குத் தெரியாது. நசுக்க மனம் வரவில்லை. வளர்க்கவும் உத்தேசம் இல்லை.

குற்றம் என்னுடையதுதான். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த இரண்டாவது மாதம், தொட்டி கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறதே என்று ஒரு செடி வாங்கி வந்து நட்டேன். அதன் இலைக்கு அடியில் சொட்டுப் பசை போல ஏதோ ஒட்டியிருந்தது. முட்டை என்று யார் கண்டது?

தொட்டி என்னுடையது அல்ல. என் மனைவியின் முதல் கணவர் வாங்கி வைத்தது. அவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. கல்லை அடுக்கியது, குழாய் பொருத்தியது, மூடியில் தீனி போடுவதற்கென்று ஒரு சின்னக் கதவு வைத்தது எல்லாம் அவர் கைவேலை. நல்ல கைவேலை, அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அவர் காலத்து மீன்களில் ஒன்றுதான் மிச்சம். விரல் நீளத்தில், வாயைச் சுற்றி நான்கு மீசையோடு, பகலெல்லாம் கல்லிடுக்கில் கிடக்கும். அதன் பெயரே மீசை. மனைவியின் மகள் வந்து கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டினால் மட்டும் வெளியே வரும். அவளுடைய அப்பா பழக்கிய வழக்கம். வீட்டில் யாரும் இல்லாதபோது நானும் ஒரு முறை தட்டிப் பார்த்தேன். மீசை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அவளுக்குப் பதின்மூன்று வயது. என்னை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முதல் வாரத்திலேயே ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அவள் சித்தி 'அப்பான்னே கூப்பிடு' என்றாள். எதிர்வீட்டு அம்மா 'அங்கிள் போதும்' என்றார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குப் போன் வந்தால் 'போன் அடிக்குது' என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். என்னிடம் கையெழுத்து வேண்டுமென்றால் நான் நிமிர்ந்து பார்க்கும் வரை எதிரில் வந்து நிற்பாள். அம்மாவிடம் பேசும்போது நான் 'அவங்க'. மரியாதையில் ஒரு குறையும் இல்லை. மரியாதைதான் எனக்குப் பயமாக இருந்தது. திட்டினால்கூட எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும்.

இந்த நிலையில், வந்த புதிதில் மனைவி தீனி டப்பாவை என் கையில் கொடுத்து, "இனிமே காலைல நீங்களே போட்டுடுங்க" என்றபோது நான் உள்ளுக்குள் துள்ளிக் குதித்தேன். ஊரறிய மாலை மாற்றிக்கொண்டபோதுகூட அப்படி இல்லை. இந்த வீட்டில் எனக்கென்று ஒரு வேலை. அன்றிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. ஒரு சிட்டிகை, அதற்கு மேல் ஒரு துகள் கிடையாது.

நான் லிப்ட் மெக்கானிக். நின்றுபோன லிப்டைப் பார்த்தவுடன் எல்லாரும் மேலே மோட்டாரைப் பார்ப்பார்கள், நான் கீழே கதவைப் பார்ப்பேன். பத்துக்கு எட்டுக் கோளாறு கதவில்தான் இருக்கும். கதவு ஓடும் தடத்தில் ஒரு சின்னக் கல், ஒரு சட்டைப் பொத்தான், அவ்வளவுதான். காரணம் இல்லாமல் எதுவும் நிற்காது, காரணம் இல்லாமல் எதுவும் ஓடாது என்பது தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே பாடம். அப்படிப்பட்ட நான் ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன்னால் தினமும் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றேன்.

வண்ண மீன் விற்கும் மீன்கடைக்காரரிடம் போனேன். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு, அதைக் கடை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். இந்த ஆளிடமா யோசனை கேட்கப்போகிறோம் என்று தோன்றியது.

"நத்தையா? அது ஒண்ணு இருந்தாலே போதும் சார். ஜோடி தேட வேணாம், தானே பெருகிக்கும். தீனி மிஞ்சுனா இன்னும் குஷி."

"தீனி மிஞ்சாதுங்க. ஒரு சிட்டிகைதான் போடறேன்."

அவர் என்னை நம்பாத பார்வை பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து வைத்தார். நீல மருந்து. "இத விட்டா எல்லாம் காலி. ஆமா, மீசை வச்ச மீன் ஏதும் இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. பழசு."

"அப்ப யோசிச்சுப் பண்ணுங்க. அந்த ஜாதிக்கு இந்த மருந்து ஆகாது. சில சமயம் தாங்கும். சில சமயம் போயிடும்."

"எந்தச் சமயம் தாங்கும்?"

"அத மீன்தான் சொல்லணும்."

வாங்காமல் வந்திருக்கலாம். வாங்கி வந்து குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தேன். அன்று அதை மகள் பார்த்தாள். பாட்டிலில் எழுதியிருந்ததை நின்று படித்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள். அவள் கதவு சாத்திய சத்தம்கூடக் கேட்கவில்லை. அவ்வளவு மெதுவாகச் சாத்தினாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கணக்கு. நத்தைகளை இப்படியே விட்டால் கண்ணாடி முழுக்க ஏறிவிடும், அவள் அப்பாவின் தொட்டியை நாசம் செய்தவன் என்ற பெயர் வரும். மருந்தை விட்டு மீசை செத்தால் அதோடு சரி. அந்த வீட்டில் நான் காலம் முழுக்கச் சுவரைப் பார்த்துப் பேசப்படும் ஆளாகவே இருந்துவிட்டுப் போகவேண்டியதுதான். நடுவில் வெள்ளரித் துண்டுதான் எனக்கு இருந்த ஒரே வழி. அதுவும் கைவிட்டுக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை நத்தைக் கொத்தைப் பார்த்த எரிச்சலில் பாட்டிலை எடுத்து மூடியில் கைகூட வைத்துவிட்டேன். எதற்கோ பயந்து திரும்ப வைத்தேன்.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தேன். கண் திறந்தபோது மகள் எதிரில் நின்றாள். நான் நிமிர்வதற்குக் காத்திருந்தாள் போல. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"மருந்து ஊத்தினீங்களா?"

ஏழு மாதத்தில் அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அது.

எழுந்து ஓடினேன். பகலில் வெளியே வராத மீசை தண்ணீரின் மேல்மட்டத்தில் ஒருக்களித்து மிதந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. மற்ற மீன்களும் மேலேதான் நின்றன. தண்ணீர் லேசாகக் கலங்கி, அழுகிய வாடை அடித்தது. நத்தைகள் மட்டும் கண்ணாடியில் ஜோராக ஊர்ந்துகொண்டிருந்தன.

"நான் ஊத்தலம்மா."

"நெஜமா?"

பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். அவள் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூடியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் வளையம் அறாமல் இருந்தது. அதை நகத்தால் நிமிண்டியும் பார்த்தாள். வலித்தது, மறைப்பானேன். காலையில் அதே மூடியில் என் கை இருந்தது அவளுக்குத் தெரியாது. தெரியாமலே சரியான ஆளைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறாள் என்றும் தோன்றியது. எனக்குக் கோபப்படுவதா, வெட்கப்படுவதா என்று புரியவில்லை.

மீன்கடைக்காரருக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தேன். சத்தம் கேட்டு மனைவி ஈரக் கையோடு சமையலறையிலிருந்து வந்தாள்.

"தண்ணி கெட்டுப்போச்சு சார். பிடிச்சு வச்ச தண்ணி இருந்தா மூணுல ஒரு பங்கு மாத்துங்க. முழுசா மாத்திடாதீங்க. ஆமா, எத்தன வேளை தீனி போடறீங்க?"

"ஒரு வேளைதான். காலைல. எத்தன தடவை சொல்றது?"

மனைவி கையைத் துடைப்பதை நிறுத்தினாள். "மத்தியானம் நானும் கொஞ்சம் போடறேனே."

அவள் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரி மத்தியானம் சாத்தியிருக்கும். சாப்பிட வீட்டுக்கு வந்துபோவாள்.

"நீங்க எதுக்குப் போடறீங்க?" என்றேன். நாங்கள் இன்னும் 'நீங்க, வாங்க' தான்.

"வேலை அவசரத்துல நீங்க மறந்துட்டுப் போயிருந்தா? மறந்தீங்கன்னு தெரிஞ்சா இவ மனசுல ஒரு மாதிரி நினைப்பா. எதுக்கு வம்புன்னுதான்."

'இவ' என்று சொல்லப்பட்டவள் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தொட்டியிடமே சொன்னாள்.

"சாயந்தரம் நானும் போடறேன். மீசை சாயந்தரம்தான் சாப்பிடும். காலைல போடறத மத்த மீனுங்க தின்னுடும். அதுக்கு ஒண்ணும் கிடைக்காது."

போனுக்குள்ளிருந்து மீன்கடைக்காரர் சிரித்தார். "மூணு வேளைச் சாப்பாடா? எனக்கே ரெண்டு வேளைதான் சார். மூணு நாளைக்கு ஒண்ணும் போடாதீங்க. நத்தை தன்னால அடங்கும்."

தொட்டியின் விளக்கு, குழாய், கல், செடி, இலையின் அடி, நான் பார்க்காத இடம் இல்லை. மூடியில் இருந்த அந்தச் சின்னக் கதவை மட்டும் பார்க்கவில்லை. லிப்ட் மெக்கானிக்காம்.

சிரிக்க நேரம் இல்லை. குளியலறை டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீர் இருந்தது. மனைவி வாளியில் மொண்டு கொண்டுவந்தாள். நான் ஒரு ரப்பர் குழாயின் முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினேன். அவசரத்தில் ஒரு வாய் கெட்ட தண்ணீர் தொண்டை வரை போய்விட்டது. காறித் துப்பி நிமிர்ந்தபோது மகள் உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பா, அழுகையா என்று தெரியவில்லை. அதைக் கேட்கவும் முடியாது. அவளே வந்து குழாயின் மறுமுனையை வாங்கி ஒரு காலி வாளிக்குள் பிடித்துக்கொண்டாள்.

தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. நான் மெதுவாகக் கேட்டேன்.

"மீசை சாயந்தரம்தான் சாப்பிடும்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

வாளி பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது.

"என்னன்னு கூப்பிட்டு சொல்றது?"

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அடுப்பு எரிகிறது என்று முணுமுணுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை, எனக்குத் தெரியும்.

ஏழு மாதமாக நான் அதை வெறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சில நாள் திமிர் என்றும் நினைத்ததுண்டு. ஒரு பிள்ளை வழி தெரியாமல் நிற்பதும் வெறுத்து நிற்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரியாக இருக்குமா? அல்லது இதுவும் என் நப்பாசையா? அப்பா என்று கூப்பிட வேண்டியதில்லை என்று அவளிடம் சொல்லிவிடலாம். ஆனால் அப்படிச் சொன்னால், கூப்பிடாதே என்று ஆகிவிடாதா? உன் இஷ்டம் என்றால், எனக்கென்ன என்று ஆகிவிடும். நாக்கு நுனி வரை வந்த எல்லாவற்றையும், அந்தக் கெட்ட தண்ணீரைப் போலவே, விழுங்கிக்கொண்டேன்.

"வாளி ரொம்பிடுச்சு" என்றாள் அவள். சுவரைப் பார்த்தல்ல, வாளியைப் பார்த்து.

புதுத் தண்ணீர் ஊற்றியதும் மற்ற மீன்கள் கீழே இறங்கின. மீசை தள்ளாடிக்கொண்டு தன் கல்லிடுக்குக்குள் போய் ஒளிந்துகொண்டது. பிறகு வெளியே வரவில்லை. உள்ளே உயிரோடு இருக்கிறதா என்று கல்லை நகர்த்திப் பார்க்கலாம் என்றேன். "வேணாம், பயந்துடும்" என்றாள். தீனி டப்பாவை மனைவி எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் மேல், மருந்துப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். மூன்று நாளும் யாரும் அதைத் தொடவில்லை. மீன்கள் எங்கள் மூவரில் யார் கடந்து போனாலும் கண்ணாடிக்கு ஓடிவந்து வாயைப் பிளந்தன. நாங்கள் மூன்று பேரும் குற்றவாளிகளைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு கடந்துபோனோம். நத்தை குறைந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் குறைந்த மாதிரி இருந்தது. மறுநாள் இல்லை. கல்லிடுக்கில் ஒரு அசைவும் இல்லை.

நான்காம் நாள் மாலை வேலை முடிந்து வந்தேன். வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஷூவின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். கிரீஸ் பட்ட கயிறு இறுகிக் கிடந்தது. மகள் குளிர்சாதனப் பெட்டியின் மேலிருந்து டப்பாவை எடுத்தாள். உள்ளங்கையில் ஒரு சிட்டிகை கொட்டினாள். அது அதிகம் என்று பட்டதோ என்னவோ, பாதியை டப்பாவிலேயே திரும்பப் போட்டாள். தொட்டியின் சின்னக் கதவைத் திறக்கவில்லை. என் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். எனக்குப் பின்னால் இருந்த கடிகாரத்தைத்தான் பார்த்தாளோ தெரியாது. பிறகு கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டினாள்.

கல்லிடுக்கிலிருந்து முதலில் மீசைதான் தெரிந்தது. நான் ஒரு காலில் ஷூவோடு எழுந்து நின்றேன்.