எட்டாம் மாதத்து நூல்

எங்கள் தறிக்காரத் தெருவில் பிள்ளை பிறந்தால் தொப்புள்கொடியைக் கட்ட வெளி நூல் எடுக்க மாட்டார்கள். தகப்பன் தறியில் நெய்துகொண்டிருக்கும் பாவு நூலிலிருந்தே ஒரு முழம் அறுத்துக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் பிள்ளை அந்த வீட்டில் தங்கும் என்பார்கள்.

1926இல் என் மகளுக்கும் அப்படித்தான் நடந்தது. என் கணவர் வீரபாகு புதுப்பாவிலிருந்து நூல் எடுத்துக் கொடுத்தார். ஏழாம் நாள் காலை அவளால் பால் குடிக்க வாயைத் திறக்க முடியவில்லை. சாயங்காலத்துக்குள் உடம்பு பின்பக்கமாக வளைந்துவிட்டது. இன்னும் பெயர்கூட வைத்திருக்கவில்லை. மறுவருஷம் வீரபாகுவும் காலராவில் போய்விட்டார். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் சேலம் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் படிப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

அங்கே ஒரு நாள் வகுப்பில் டாக்டரம்மா ஏழாம் நாள் இழுப்பைப் பற்றிச் சொன்னார். அது பேய் பிசாசு வேலை இல்லை. மண்ணிலும் சாணியிலும் இருக்கும் ஒரு கிருமி, கொடியை அறுத்த இடத்தின் வழியாக உள்ளே போகிறது என்றார். எனக்கு எங்கள் தெரு கண்முன் வந்தது. பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி பூசுவோம். பக்கத்திலேயே மாடுகள் போகும். புழுதி எல்லாம் ஈரக் கஞ்சியில் ஒட்டிக்கொள்ளும். டாக்டரம்மா சொன்னதை ஒரு வரி விடாமல் நோட்டில் எழுதினேன். அழுதது பிறகுதான்.

1930இல் எங்கள் ஊர் ராசிபுரத்துக்கே என்னை நர்ஸாகப் போட்டார்கள். ஆஸ்பத்திரி நூலை எந்த வீட்டிலும் தொடவிடவில்லை. நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். "உங்க ஊட்டு நூலே இருக்கட்டுமுங்க. ஆனா கஞ்சியக் கழுவி, பத்து நிமிசம் கொதிக்க வெச்சுத்தான் கட்டுவேன்" என்றேன்.

"நூல்ல ரசம் வெக்கிறீங்களா நர்சம்மா?" என்று சிரித்தார்கள். ஆனாலும் ஒத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு வருஷத்தில் நானூறுக்கு மேல் பிரசவம் பார்த்தேன். முன்பு வருஷத்துக்கு ஐந்தாறு பிள்ளைகள் ஏழாம் நாளில் போய்க்கொண்டிருந்த தெருக்கள் அவை. என் கையில் மொத்தமே இரண்டுதான் போயின. எனக்கு வேலை தெரியும் என்று நினைத்தேன். அதில் தப்பு இல்லை. தெரிந்தவரை நன்றாகவே தெரிந்திருந்தது.

1942இல் எனக்குத் துணையாகச் சாரதாமணி வந்தாள். மதராஸில் படித்தவள், இருபத்திரண்டு வயது. முதல் வாரமே, நான் சட்டியில் நூலைப் போட்டதும் கேட்டாள்.

"எத்தனை நிமிஷம் அக்கா?"

"பத்து."

"போதாதே. இந்தக் கிருமி விதை மாதிரி ஒரு ஓட்டுக்குள்ள இருக்கும். கொதிக்கிற தண்ணியில சாகாது. ஆஸ்பத்திரியில டிரம்முக்குள்ள வச்சு, அழுத்தமான நீராவியில போடணும்."

"நீ பாவாடை கட்டுன வயசுல இருந்து நான் கொதிக்க வெச்சுட்டு இருக்கறேன்."

"அதான் அக்கா சொல்றேன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அவளுடைய பாடப்புத்தகத்தை வாங்கி அன்றைக்கே உட்கார்ந்து படித்தேன். இங்கிலீஷ் புத்தகம். பாதிதான் புரிந்தது. அவள் சொன்னது புரிந்த பாதியிலேயே இருந்தது.

பிறகு பிரசவ நோட்டை எடுத்துப் பார்த்தேன். இறந்த இரண்டு குழந்தைகளுக்கும் நேராக நானே எழுதியிருந்தேன்: 'வீட்டார் தொப்புளில் சாம்பல் வைத்தனர்.' முதல் வீட்டில், கொடி சீக்கிரம் காய்வதற்கென்று வைத்த சாணிச் சாம்பலை என் கண்ணால் பார்த்தேன். இரண்டாவது, 1939இல் அத்தாயிக்குப் பிறந்த ஆண் குழந்தை. அந்த வீட்டில் நான் சாம்பலைப் பார்க்கவே இல்லை. நூலைக் கொதிக்க வைத்தாகிவிட்டது, ஆகவே சாம்பலாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி எழுதிவிட்டேன். எழுதியதோடு விடவில்லை. அத்தாயியிடமும் அதைச் சொல்லியிருந்தேன்.

அத்தாயி இப்போது மறுபடியும் எட்டு மாதம். இந்தத் தடவையும் நான்தான் பிரசவம் பார்ப்பதாகப் பேச்சு.

அந்த வாரம் எனக்குக் கை ஓடவில்லை. ஒரு பிரசவத்துக்குச் சாரதாமணியை மட்டும் அனுப்பினேன். திரும்பி வந்தவளிடம், "இனி நீயே போ. நான் இங்க துணி மடிச்சு வெக்கறேன்" என்றேன்.

"துணி மடிக்க ஆயா இருக்காங்க" என்றாள் அவள். "அத்தாயி வீட்டுல கதவைத் திறந்தா உங்களுக்குத்தான் திறப்பாங்க. எனக்குத் திறக்க மாட்டாங்க."

மறுநாள் காலை அத்தாயி வீட்டுக்குப் போனேன். அவள் கணவன் சின்னண்ணன் குழித்தறியில் இருந்தான். மாமியார் ஆராயி ஒரு மூலையில் இராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அத்தாயி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். நான் உட்காராமலே சொன்னேன்.

"அத்தாயி, அந்தப் பையன் போனது சாம்பலாலன்னு உங்கிட்டச் சொன்னேன். அதை நான் பாக்கல. பாக்காமச் சொன்னது. நான் கட்டுன நூலுதான் காரணமா இருக்கும்னு இப்பத் தோணுது. நான் கொதிக்க வெச்சது பத்தாது. அது எனக்கு அப்பத் தெரியல."

தறி நின்றது. இராட்டையும் நின்றது. அத்தாயி என்னைப் பார்க்கவில்லை, மாமியாரைப் பார்த்தாள்.

ஆராயிதான் பேசினாள். "கேட்டுக்கிட்டியா? சாம்பல நான் தொடவே இல்லைன்னு சொன்னேன். மாரியாத்தா கோயில்ல கற்பூரத்த அணைச்சுச் சொன்னேன். நம்புனியா நீ?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "மூணு வருசமுங்க நர்சம்மா. ஒரே ஊட்டுல ரெண்டு அடுப்பு. இவ ஆக்குன சோத்த நான் திங்கறதில்ல, நான் ஆக்குனத இவ தொடறதில்ல. நடுவுல இவன் ரெண்டு எடத்துலயும் தின்னு கொழுத்துட்டான்."

சின்னண்ணன் தலையைக் குனித்துக்கொண்டான். அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. நோட்டில் ஒரு வரி எழுதியதாக நினைத்திருந்தேன். அது இந்த வீட்டை இரண்டாகப் பிளந்திருந்தது.

"தப்பு என்னுதுங்க ஆத்தா" என்றேன். "இந்தத் தரம் நான் வர வேண்டாம்னா சொல்லிடுங்க. சேலத்துக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு ஏற்பாடு பண்றேன்."

அத்தாயி முதல்முறையாக வாயைத் திறந்தாள். "இப்ப என்ன செய்யோணும்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும். நூல இப்பவே குடுத்துருங்க. சேலம் ஆஸ்பத்திரியில நீராவியில போட்டு, கட்டுப் பிரிக்காம எடுத்துட்டு வாரேன். கொடி அறுக்கற நேரத்துலதான் பிரிப்பேன்."

"எங்க ஊட்டு நூலேதானுங்களே?"

"உங்க ஊட்டு நூலேதான்."

ஆராயி இராட்டையைத் தள்ளி வைத்தாள். "நீங்களே வாங்க சாமி. வேற ஆளக் கூப்பிட்டா, இத்தனையும் மொதல்ல இருந்து சொல்லிக் குடுக்கோணும். டேய், நூல அறு."

சின்னண்ணன் ஒரு முழம் அறுத்தான். "ரெண்டு முழமா எடு" என்று அத்தாயி சொன்னாள்.

கஞ்சி போக நூலைக் கழுவி, மறுநாள், யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடும் பஸ்ஸில் சேலம் போனேன். மல்லூர் ஏற்றத்தில் எல்லோரையும் இறக்கித் தள்ளச் சொன்னார்கள். நூல் பொட்டலத்தை மடியில் முடிந்துகொண்டு நானும் தள்ளினேன். ஆஸ்பத்திரியில் டிரம்மைக் கவனிக்கும் தங்கசாமி, "இத்தனூண்டு நூலுக்கா அம்மா இருவது மைல் வந்தீங்க?" என்றார். துணிக்கட்டுகளின் நடுவில் அதை வைத்து மூடினார். ஆவி இறங்கும்வரை அங்கேயே நின்றேன்.

இருபத்திரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம் அத்தாயிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கையைக் கழுவிவிட்டுக் கட்டைப் பிரித்தேன். இரண்டு முடிச்சுப் போட்டு, நடுவில் அறுத்தேன். சாரதாமணி பக்கத்தில் நின்று பார்த்தாள். அவள் திருத்த எதுவும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

அதன்பிறகு ஏழு நாள். தினமும் போய்ப் பார்த்தேன். ஏழாம் நாள் காலை தெருமுனைக்கு வந்ததும் கால் தானாக நின்றுவிட்டது. காதைக் கொடுத்துக் கேட்டேன். சின்னண்ணனின் தறி ஓடும் சத்தம் வந்தது. அதற்கு மேலே அத்தாயியின் குரல்.

"இத்தன மொளகப் போட்டா நான் எப்படித் திங்கறது?"

"பெத்தவ வாய்க்கு அதுதான். முழுங்கு" என்றது ஆராயியின் குரல்.

உள்ளே போனேன். ஒரு அடுப்புதான் எரிந்தது. குழந்தையைத் தூக்கி, கழுவிய சுண்டுவிரலை அதன் உதட்டில் வைத்தேன். வாயை நன்றாகத் திறந்து விரலைப் பிடித்துச் சப்பியது. நல்ல பிடி. விரலை எடுத்ததும் கோபத்தில் கத்தியது.

திரும்பி வந்து நோட்டில் அந்தப் பழைய வரியை அடித்தேன். பக்கத்தில் 'காரணம் நூலாக இருக்கலாம். சாம்பல் பார்க்கவில்லை' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். அந்த வருஷம் முடிவதற்குள் எட்டாம் மாதத்தில் நூல் கொடுப்பது எங்கள் தெருக்களில் வழக்கமாகிவிட்டது. நூல் வாங்கப் போகும்போதே பெண்களின் கால் வீக்கத்தையும் பார்த்துவிடுவேன். பிரசவ நாளுக்கு முன்பே அவர்களைப் பார்க்க எனக்கு ஒரு சாக்குக் கிடைத்தது.

அந்த ஏழாம் நாள், நோட்டை மூடி வைத்ததும் சாரதாமணியைக் கூப்பிட்டேன்.

"அந்த இங்கிலீஷ் புத்தகத்த எடுத்துட்டு வா. எனக்குப் புரியாத பாதியப் படிச்சுச் சொல்லு."

"எங்கே இருந்து அக்கா?"

"மொதல் பக்கத்துல இருந்து" என்றேன்.