எடைக்கல் இழுத்த மேசை

கரும்பு எரிந்துபோனால் உட்கார்ந்து அழக்கூட நேரம் கிடையாது. வெட்டி, ஏற்றி, ஆலைக்குள் தள்ளிவிட வேண்டும். வெயிலில் கிடந்தால் சாறு புளித்துவிடும். புளித்ததை ஆலை தொடாது. பக்கத்துத் தோட்டத்துத் தீ காற்றோடு தாவி வந்து அலமேலுவின் நிலம் முழுவதையும் நக்கிவிட்டுப் போயிருந்தது. அந்த வருஷத்து விளைச்சல் மொத்தமும் கரி பூசிக்கொண்டு மாட்டுவண்டிகளில் ஆலை வாசலில் நின்றது. ஆலை ஓடவில்லை.

கரும்பை உள்ளே இழுக்கிற சங்கிலியின் பல்சக்கரம் உடைந்துவிட்டது. தீவின் தெற்கே, செமின் கிரனியே ஊர்ப் பக்கத்துச் சிறு தோட்டக்காரர்களுக்கு அந்த ஆலையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. வண்டிக்காரர்களின் ஆறுதலைக் கேட்கப் பிடிக்காமல் அலமேலு நேரே ஆலையின் பட்டறைக்குள் நுழைந்தாள். பெண்கள் அங்கே வருவதில்லை. அவள் முகத்தைப் பார்த்த யாருக்கும் தடுக்கத் தோன்றவில்லை.

உள்ளே, இரும்பில் பல் வெட்டுகிற மில்லிங் மெஷினுக்கு முன்னால் எர்வே வீரசாமி நின்றிருந்தான். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவன். அவன் தகப்பன் அலமேலுவோடு ஒரே வயலில் கரும்பு சுமந்தவன். அந்த உறவில் அவளை அத்தை என்று, கிரியோல் பேச்சில் தாந்தின் என்றே கூப்பிடுவான். அவன் காலடியில் புதிதாக வெட்டிய சக்கரம் ஒன்று கிடந்தது. அதில் ஒரு பல், எலி கொறித்ததுபோல் குதறிப்போயிருந்தது.

"இது ஆவாதா?"

"ஆவாது, தாந்தின். வெட்டும்போது மேசை துள்ளிடுச்சு. இன்னும் ஒரே ஒரு துண்டு இரும்புதான் கையில இருக்கு. அதையும் கெடுத்தா வேற இரும்பு போர்லூயித் துறைமுகத்துலேருந்து வரணும்."

"அதுக்குள்ள என் கரும்பு காடியாயிடும்."

"தெரியும்" என்றான் எர்வே, திரும்பிப் பார்க்காமல்.

அந்த மெஷினில் கத்தி ஓரிடத்திலேயே சுழலும். இரும்பைச் சுமந்த மேசைதான் கத்தியை நோக்கி நகரும். மேசையை நகர்த்துவது அடியில் ஓடும் நீளத் திருகு. எர்வே முதலில், மேசை ஆடாமல் பிடிக்கிற பக்கப் பட்டையை இறுக்கினான். ஒரு கழிவு இரும்பை வைத்து வெட்டிப் பார்த்தான். துள்ளியது. பட்டையைக் கழற்றி மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினான். உள்ளே தூசோ துருவோ இல்லை. மாட்டி மறுபடி வெட்டினான். துள்ளியது.

பிறகு வெட்டுவதையே விட்டுவிட்டான். மேசையும் அடிக்கட்டையும் சேருமிடத்தில் பெருவிரல் நகத்தை வைத்துக்கொண்டு, மறுகையால் கைச்சக்கரத்தை மெல்லத் திருப்பினான். மேசையை ஓரத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பினான், நடுவுக்குக் கொண்டுவந்து திருப்பினான். மறுபடி ஓரம். மறுபடி நடு.

அலமேலுவுக்குப் பொறுக்கவில்லை. "தொட்டிலா ஆட்டுற? வெட்டுடா."

"இங்க விரலை வையிங்க."

வைத்தாள். ஓரத்தில், அவன் கை அசைந்ததுமே மேசை நகத்தை உரசியது. நடுவில், கைச்சக்கரம் சும்மா சுற்றியது. மேசை சற்றுத் தூங்கிவிட்டுத்தான் கிளம்பியது.

"எல்லாரும் நடுவுலயே வச்சு வேலை செஞ்சு, திருகு அங்க மட்டும் தேஞ்சுபோச்சு" என்றான் எர்வே. "அந்தச் சந்து கிடைச்சதும் கத்தி மேசையை வெடுக்குனு தன் பக்கம் இழுத்துக்குது."

"திருகோட நட்டை இறுக்கேன்."

"நடுவுக்கு இறுக்கினா ஓரத்துல சிக்கும். புதுத் திருகு கப்பல்ல வரணும்."

மேசையின் முனையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தான். "கத்தி அந்தப் பக்கம் இழுக்குதுன்னா, நாம இந்தப் பக்கம் இழுத்துக்கிட்டே இருக்கணும். மனுசக் கை களைச்சுடும். களைக்காத கனம் ஒண்ணு வேணும், கூட்டவும் குறைக்கவும் தோதா."

ஜன்னலுக்கு வெளியே எடைமேடை தெரிந்தது. மேடை சரியா என்று தினமும் வைத்துப் பார்க்கிற இரும்புக் கற்கள் அங்கே வரிசையாக இருந்தன. அலமேலு எத்தனையோ அறுவடைக்கு முறைத்துப் பார்த்த கற்கள் அவை. எர்வே கேட்பதற்குள் அவள் வெளியே போய்விட்டாள்.

எடை எழுதுகிற திருவேங்கடம் பதறி எழுந்தான். "அக்கா, கல்லை எடுக்கக் கூடாது. கல்லு இல்லாம எடை போட முடியாது."

"அரைக்காத கரும்புக்கு எடை எதுக்கு தம்பி? கைகுடு, தலையில தூக்கி வை."

அவன் தூக்கி வைத்தான். தலையில் சும்மாடு கூட்டி, கரும்புக்கட்டு சுமக்கிற அதே நடையில் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சேர்த்தாள். "இத்தனை வருசம் இதுங்க ஆலைக்காரன் பக்கம் இழுத்துச்சு. இன்னிக்கு எனக்காக இழுக்கட்டும்."

எர்வே மேசையின் முனையில் கம்பிக்கயிற்றைக் கட்டி, ஒரு கப்பியின் மேலாக வெளியே விட்டு, கொக்கியில் முதல் கல்லைத் தொங்கவிட்டான். கழிவு இரும்பில் வெட்டினான். துள்ளல் குறைந்தது, போகவில்லை. இன்னொரு கல். மேசை முனகியது. மூன்றாவது கல்லுக்கு, சத்தம் ஒரே சீராகிவிட்டது, நல்ல அரிவாள் கரும்பில் இறங்குகிற மாதிரி. அவன் அதையும் நம்பவில்லை. நடுவில் நகத்தை வைத்துக் கைச்சக்கரத்தைத் திருப்பினான். மேசை உடனே உரசியது.

அப்போதுதான் கடைசித் துண்டை ஏற்றினான்.

ஒவ்வொரு பல்லுக்கும் அதே நிதானம். வாசலில் வண்டிக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். யாரோ ஜன்னலில் தட்டினார்கள். எர்வேயின் கை வேகம் கூட்டவில்லை. தன் கரும்பு அங்கே சூடேறிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தும் அலமேலு அவனை அவசரப்படுத்தவில்லை. வெட்டுகிறவர்கள், சுமக்கிறவர்கள், அடிக்கிறவர்கள் என்று எத்தனையோ கைகளை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு கை இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு அமைதியாக இருந்து பார்த்ததில்லை.

சக்கரம் பொருந்தியது. சங்கு ஊதியது. எர்வே கற்களை அவிழ்த்துக் கொடுத்தான்.

எடைமேடையில் திருவேங்கடம் அவற்றை அப்படியே வைக்கப் போனான். அலமேலு அவன் கையைப் பிடித்தாள்.

"பட்டறை எண்ணெயோட வைக்காத தம்பி. கல்லு கனத்தா என் கரும்புதான் இளைக்கும்."

முந்தானையால் ஒவ்வொன்றையும் துடைத்தாள். கடைசி வண்டிகள் புளித்துவிட்டன என்று திருப்பிவிட்டார்கள். மற்றதெல்லாம் உள்ளே போனது. அடுத்த வருஷம் நிலத்தில் கால் வைக்க அது போதும்.

காலி வண்டியோடு திரும்பும்போது பட்டறை ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். கல் தொங்கிய கொக்கியில் எர்வே உடைந்த பழைய சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தான். கனம் போதவில்லை போலிருக்கிறது. எலி கொறித்த சக்கரத்தையும் எடுத்து அதன்மேல் மாட்டினான். பிறகு மேசையோரம் பெருவிரல் நகத்தை வைத்து, கைச்சக்கரத்தைத் திருப்பினான்.