ஷெட் பாஷை

இடுக்குப்பாறைக்குப் போனவர்கள்: ஸ்பின்னிங் மில் மேஸ்திரி விஜயபாண்டி, அவர் ஷெட்டில் வேலை பார்க்கும் சல்மான், தனுஷ்கோடி, மூன்று மாதத்துக்கு முன்னால் அதே ஷெட்டிலிருந்து நைட் ஷிப்ட் பாதியில் எழுந்து போய்விட்ட கௌதம்ராஜ், வழி காட்ட வனத்துறை வாட்ச்சர் சங்கிலிப்பாண்டி.

கௌதம்ராஜுக்கு மலையும் வேண்டாம், ஆறும் வேண்டாம். வேலை வேண்டும். பழைய மெஷின், பகல் ஷிப்ட். மேஸ்திரி மனசு வைத்தால் நடக்கும். மில் வாசலில் செக்யூரிட்டி உள்ளே விடுவதில்லை. வீட்டுக்குப் போனால் மேஸ்திரி பெண்டாட்டி கதவிடுக்கில் நின்று, "அவிய தூங்குதாவ" என்பாள். அதனால் சல்மான் போனில், "காம்ப் போறோம், வாரியா மாப்ள?" என்று கேட்டதும் சரி என்றான்.

அவன் மனைவி மாரீஸ்வரி தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறவள். புறப்படும்போது சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

"மலை ஏறுறதுக்கு எதுக்குட்டி இஸ்திரி?"

"கேக்கத்தான போறிய. கேக்குற ஆளு மாதிரி போங்க."

அவன் மில்லை விட்டதற்குப் பெரிய கதை கிடையாது. விடாமல் நைட் ஷிப்ட் போட்டார்கள். ஒருநாள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே காதில் வைத்திருந்த பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு நடந்தான். உடம்பு மட்டும் இன்னும் ஷிப்டை விடவில்லை. மாரீஸ்வரி அசந்து தூங்குவாள். அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். அவள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அவனுக்குக் கண் சொக்கும். ஒரே வீட்டில் இருந்தும் இரண்டு பேரும் பேசிக்கொள்வது குறைந்து போனது.

அய்யனார் கோவில் வரை ஜீப். அதற்கு மேல் நடை. வழியில் கௌதம்ராஜ் மேஸ்திரி பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நடந்தான்.

"அண்ணே, அந்த விஷயம்..."

"ஏலே, மலைக்கு வந்தும் மில்லாலே? செத்த நேரம் மூச்சு விடு."

பின்னால் வந்த தனுஷ்கோடி சிரித்தான். "நின்னுக்கிட்டே தூங்குன ஆளுல்ல இவன். பாத்து நடலே, பள்ளத்துல உருண்டும் தூங்கிட்டுக் கெடப்ப."

இடுக்குப்பாறையில் இரண்டு பக்கமும் பாறை செங்குத்தாக எழும்பி நிற்கும். நடுவில் ஆறு நசுங்கி ஓடும். உச்சி வெயில் மட்டும்தான் அடிவரைக்கும் இறங்கும். கரையிலிருந்து தள்ளி, பாறை மறைவில் வேலி போட்ட சின்ன முற்றம், இரண்டு கூடாரம். வேறு மனுச வாடை கிடையாது. ஆற்றோரம் தண்ணீர் இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதுகூடக் காதில் விழாது. அச்சு அசல் ஷெட் இரைச்சல்.

ஷெட்டில் யாரும் வாயால் பேசுவதில்லை. எல்லாம் கைதான். ஒவ்வொருவருக்கும் பெயர்கூட உண்டு. கன்னத்தில் உள்ளங்கையை வைத்துத் தலையைச் சாய்த்தால் கௌதம்ராஜ். கட்டை விரலை வாயில் வைத்தால் புதுசாக வந்தவன். ஆபீஸ்காரர்கள் எதிரில் நின்றே அவர்களைத் திட்டலாம், ஒருத்தருக்கும் புரியாது. இரைச்சலுக்குள் இருந்தால் ரகசியம் பத்திரம் என்பது ஷெட் ஆட்களுக்கு ஊறிப்போன எண்ணம்.

மேஸ்திரியும் சல்மானும் ஆற்றைத் தாண்டி அக்கரைப் பாறையில் உட்கார்ந்திருந்தார்கள். இக்கரையில் தனுஷ்கோடி சாப்பாட்டுப் பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டிருந்தான். கௌதம்ராஜ் கேனில் தண்ணீர் பிடித்தான்.

அக்கரையில் சல்மான் உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்தான். பிறகு விரலை விரித்து, என்ன ஆச்சு என்று கேட்டான். மேஸ்திரி அதே மாதிரி கன்னத்தில் கை வைத்துவிட்டு, கையைத் தோளுக்குப் பின்னால் வீசினார். கட்டை விரலை வாயில் வைத்தார். உள்ளங்கையில் விரலால் கிறுக்கிக் காட்டினார். அவன் இடத்துக்குப் புது ஆள், கையெழுத்து ஆகிவிட்டது. சல்மான் உதட்டைத் தொட்டு, எப்போது சொல்வீர்கள் என்றான். மேஸ்திரி ஸ்டியரிங் பிடிப்பதுபோல் இரண்டு கைகளையும் வளைத்தார். திரும்பும்போது.

கைகளை மறைக்கக்கூட இல்லை. இந்தப் பாஷையை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். அது அவருக்கு நினைவில்லை. மூன்று மாதத்தில் அவன் ஆபீஸ்காரன் மாதிரி வெளியாள் ஆகிவிட்டான்.

கேன் நிரம்பி வழிந்தது. கௌதம்ராஜ் எழுந்து நின்று, அவர்கள் பார்க்கும்வரை காத்திருந்து, விரலால் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினான். பார்த்துவிட்டேன்.

மேஸ்திரியின் கை அப்படியே நின்றது.

இரைச்சல் எட்டாத முற்றத்துக்கு வந்த பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"போகும்போது சொல்லணும்னுதாம்லே இருந்தேன்."

"ஜீப்புலயா?"

"சாப்பாட்டு நேரத்துல எதுக்குன்னு பாத்தேன். சல்மான் பொண்டாட்டி நூர்னிசா கைப் பிரியாணி."

"எப்பண்ணே ஆச்சு?"

"போன வாரம். நீயா போனவன்லே. நானா போகச் சொன்னேன்?"

"இல்ல."

"பொறவு?"

"பொறவு என்னைய எதுக்கு மலைக்குக் கூப்பிட்டிய?"

மேஸ்திரி சல்மானைப் பார்த்தார். சல்மான் செருப்பைப் பார்த்தான். தனுஷ்கோடிதான் பொறுக்கமாட்டாமல் சொன்னான்: "நாலு பேருக்குக் கொறைஞ்சா ஃபாரஸ்டுல காம்புக்கு விடமாட்டாவளாம். நாங்க மூணு பேருதான் இருந்தோம்."

தனுஷ்கோடி பிரியாணியைத் தட்டுகளில் போட்டான்.

"மாப்ள, ஒரு வாய் சாப்புடு" என்று சல்மான் தட்டை நீட்டினான். கௌதம்ராஜுக்குப் பசித்தது. சாப்பிட்டான். நன்றாகத்தான் இருந்தது. நூர்னிசாவிடம் சொல்லச் சொன்னான்.

சாயங்காலம் டூட்டி மாற சங்கிலிப்பாண்டி கீழே புறப்பட்டபோது, அவனும் பையைத் தோளில் மாட்டினான். அவர்கள் குறட்டை விடுவார்கள், இவன் விழித்துக் கிடப்பான். அதை வீட்டிலேயே செய்யலாம். இருக்கச் சொல்லி ஒருவரும் கையைப் பிடிக்கவில்லை. "பாத்து போலே" என்றார் மேஸ்திரி. அவர் குரலில் பாரம் இறங்கிய சுகம் தெரிந்தது.

இறக்கத்தில் வாட்ச்சர் கேட்டார்: "மேலுக்குச் சரியில்லையா தம்பி?"

"நல்லாத்தான் இருக்கேன்."

பாதி வழியில் சிக்னல் வந்தது. மாரீஸ்வரி கூப்பிட்டிருந்தாள். போனைப் பையில் போட்டுவிட்டு நடந்தான்.

அடிவாரத்தில், வனத்துறை வேலியில், இரும்புக் கதவு. வாட்ச்சர் திறந்துவிட்டார்.

"கோவில்கிட்ட பஸ் நிக்கும். யானை எறங்குற நேரம், எங்கயும் நிக்காம போங்க."

கௌதம்ராஜ் வெளியே கால் வைத்தான். சங்கிலிப்பாண்டி கதவை இழுத்துச் சாத்தி, பூட்டைப் போட்டு, ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.